தொண்ணூறு லட்சம் லிட்டர்

ஊருக்கே தண்ணீர் ஏற்றுகிறவள் வீட்டில் காலை ஏழரைக்கு மேல் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவாள். தெரு மேட்டில் இருந்தது. தொட்டியிலிருந்து கிளம்புகிற தண்ணீர் கடைவீதி, பேருந்து நிலையம், பழைய குடியிருப்பு என்று எல்லாவற்றையும் சுற்றி, வழியெல்லாம் ஒழுகி, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறும்போது முக்கால் மணி நேரத்துக்கு மேல் அதற்கு உயிர் இருக்காது.

நகராட்சியின் நீரேற்று நிலையத்தில் அவளுக்குக் காலை முறை. ஆறு மணிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவாள். பதினோரு வருடமாக அதே வேலை. பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. மோட்டாரம்மா என்றால்தான் தெரியும். தார்ச்சாலை முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கூடம். உள்ளே மூன்று மோட்டார்கள். இரண்டு ஓடும், ஒன்று ஓய்வில் இருக்கும். போனதும் முதல் வேலையாகப் புறங்கையால் ஒவ்வொரு மோட்டாரின் பேரிங்கையும் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. அப்புறம் தண்டு சுற்றுகிற இடத்தில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்ப்பாள். கொஞ்சம் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் தண்டைச் சுற்றித் திணித்திருக்கிற அடைப்புக் கயிறு கருகிப் போகும். மணிக்கொரு தரம் சுவர் மீட்டரைப் பார்த்து எத்தனை லிட்டர் போயிருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். எழுத்து, அடுக்கி வைத்த செங்கல் மாதிரி இருக்கும். அவளோடு சேர்த்து நான்கு பேர் அங்கே மாற்றி மாற்றி வேலை பார்த்தார்கள். மற்ற மூவரும் அவளைப் பார்த்துத்தான் எழுதப் பழகினார்கள்.

வீட்டின் முன்பாதியில் புருஷன் லாண்டரி வைத்திருந்தார். இரண்டு பெரிய துவைக்கும் இயந்திரங்கள், ஒரு உலர்த்தி, ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு தேய்ப்பு மேசை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற லாட்ஜின் விரிப்புகளும் ஒரு சின்ன மருத்துவமனையின் போர்வைகளும்தான் நிரந்தர வருமானம். முக்கால் மணி நேரத் தண்ணீரில் ஒரு ஈடுகூட முழுசாகத் துவைக்க முடியாது. வாரத்துக்கு நான்கு லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கினார். அந்தத் தண்ணீரில் ஏதோ ஒரு செம்மண் நிறம் இருந்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் வெள்ளை விரிப்பு மூன்றாவது துவைப்பில் பழைய தாள் நிறத்துக்கு வந்துவிடும்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு அவளுடைய அண்ணன் வந்தார். நகராட்சி அலுவலகத்தில் கணக்கு அதிகாரி. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. வெயிலில் சைக்கிளை மிதித்து மேடேறியதில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்ப்பு மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த டீயை ஆற்றாமலே குடித்தார்.

"பாப்பா, நாளான்னிக்கு மார்க்குப் போட ஆள் வராங்க" என்றார்.

"யாருக்கு மார்க்கு?"

"நகராட்சிக்குத்தான். பைப் எல்லாம் மாத்தறதுக்கு முப்பது கோடி வேணும்ல. கடன் பத்திரம் அடிச்சு விக்கப் போறோம். அதை வாங்கறவன், இந்த ஊரு திருப்பிக் கட்டுமா கட்டாதான்னு பார்க்க மாட்டானா? அதைப் பார்த்துச் சொல்றதுக்குன்னே ஒரு கம்பெனி இருக்கு. அவங்க வந்து கணக்கு வழக்கெல்லாம் துருவிப் பார்த்து ஒரு மார்க்குப் போடுவாங்க. நல்ல மார்க்குன்னா வட்டி கம்மி. மட்டமான மார்க்குன்னா வட்டி ஏறும்."

லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஏன் மச்சான், பேங்க்ல வாங்கினா ஆகாதா?"

"நம்ம நகராட்சியைப் பார்த்து எந்த பேங்க் முப்பது கோடி தூக்கிக் கொடுக்கும்? அதான் பத்திரம். இன்சூரன்ஸ்காரன் வாங்குவான், பென்ஷன் பணம் வச்சிருக்கிறவன் வாங்குவான், கையில காசு இருந்தா நீயும் வாங்கலாம். வருஷா வருஷம் வட்டி. பதினஞ்சு வருஷத்துல அசல். ஊர்ல வசூலாகிற தண்ணிக் கட்டணம் மொத்தமும் தனிக் கணக்குல போய் விழும். பத்திரக்காரனுக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் நகராட்சி கைக்கு வரும்."

"அப்போ ஊரே சேர்ந்து கைமாத்து வாங்குது."

"அதேதான் மாப்ளே. ஆனா ஒண்ணு. கைமாத்து வாங்கின ஆள் ராவோட ராவா ஓடிப் போயிடலாம். ஊரு எங்க ஓடும்? அந்த தைரியத்துலதான் நம்பிக் கொடுக்கறான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அண்ணன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு வரி, தட்டச்சு செய்திருந்தது. கீழே, 'மோட்டார் ஓட்டுநர்' என்று போட்டுக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அவள் முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரியைப் படித்தாள். அதற்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு நாளைக்கு அறுபத்தஞ்சு லட்சம் லிட்டர்னு இருக்கே அண்ணே. நாங்க தொண்ணூறு ஏத்தறோம்."

"தெரியும்."

"தெரிஞ்சா எழுதினீங்க?"

அண்ணன் குரலைத் தணித்தார். "கேளு பாப்பா. மீட்டர் வச்சு வசூல் பண்றது அம்பத்திரண்டு லட்சத்துக்கு. நீ தொண்ணூறு ஏத்தறேன்னா முப்பத்தெட்டு லட்சம் மண்ணுக்குள்ள போகுது. நூத்துக்கு நாப்பத்திரண்டு! எவன் காசு போடுவான்? அறுபத்தஞ்சுன்னு வச்சா நஷ்டம் நூத்துக்கு இருபது. எல்லா ஊர்லயும் அதைத்தான் சொல்றாங்க. ஒரு மார்க்குக் குறைஞ்சா அரை வட்டி கூடும். முப்பது கோடிக்கு அரை வட்டி, வருஷத்துக்குப் பதினஞ்சு லட்சம். பதினஞ்சு வருஷத்துக்குக் கணக்குப் போடு. ரெண்டேகால் கோடி! ஒரு பள்ளிக்கூடம் கட்டலாம். இது எனக்கா? என் வீட்டுக்கா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் திட்டத்துக்காக மூன்று வருடமாக அவர் தலைநகரத்துக்கும் ஊருக்கும் நடையாய் நடந்தது அவளுக்குத் தெரியும். போன மழையில் காய்ச்சலோடு பேருந்தில் போய் ஒரு கையெழுத்து வாங்கி வந்தவர்.

"பதிவேட்டைப் பார்த்தா தெரிஞ்சுடுமே?"

"பழைய நோட்டெல்லாம் பைண்டிங்குக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கலாம். இல்லாட்டி நனைஞ்சு போச்சுன்னு சொல்லு. பம்ப் ஹவுஸ்ல தண்ணிக்கா பஞ்சம்?"

"அப்போ கரன்ட் பில்லு? அறுபத்தஞ்சு லட்சம் ஏத்த பதினாலரை மணி நேரம் போதும். நாம இருபது மணி நேரத்துக்குப் பில்லு கட்டறோம்."

அண்ணன் இதற்கும் பதில் வைத்திருந்தார். "பழைய மோட்டாரு, கரன்ட்டைக் குடிக்குதுன்னு இஞ்சினியர் எழுதித் தருவாரு. நீ கையெழுத்து மட்டும் போடு. கமிஷனரே சொல்லிட்டாரு."

"கமிஷனர் கையெழுத்து இதுல எங்க இருக்கு?"

"அவரு எதுக்கு இதுல போடணும்?"

"உங்க கையெழுத்து?"

அண்ணன் டீ கிளாஸைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. "நாளைக்குள்ள கொடு பாப்பா" என்று எழுந்தார். சைக்கிளில் மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் கிறீச்சிடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் லாட்ஜிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. கொண்டு வந்த ஆள் வாசலிலேயே போட்டுவிட்டு, "மேனேஜர் சொல்லச் சொன்னாரு. இதை விரிச்சா ஏற்கெனவே யாரோ படுத்த மாதிரி இருக்காம்" என்றான். லாண்டரிக்காரர் மூட்டையைப் பிரித்து ஒரு விரிப்பை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மஞ்சள்தான். சண்டை போட ஒன்றுமில்லை. அவளும் கூட உட்கார்ந்து அதிகம் பழுத்ததைத் தனியாக, கொஞ்சம் தேறுகிறதைத் தனியாகப் பிரித்தாள்.

"போட்டுடேன்" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

"எதை?"

"எதைன்னு தெரியாத மாதிரி கேக்காதே. பைப் வந்தா மேட்டுக்குத் தண்ணி வரும். லாரிக்காரனுக்குக் கொடுக்கிற காசு மிஞ்சும். லாட்ஜ் கைய விட்டுப் போகாது. ஒரு நம்பர்தானே? ஊர்ல யாரு நிசம் எழுதறான்?"

"மாட்டினா வேலை போறது எனக்கு."

"உங்க அண்ணன் விட்டுடுவாரா?"

"அண்ணன் நல்லவருதான். மாட்டற அன்னிக்கும் நல்லவராத்தான் இருப்பாரு. கையெழுத்து என்னோடது."

அவர் இன்னொரு விரிப்பை விளக்குக்கு நேரே தூக்கினார். அவளே மறுபடி ஆரம்பித்தாள். "அது மட்டும் இல்லைங்க. புதுப் பைப் போட்டா ஒழுகல் நிக்கும், நின்ன தண்ணியை வித்துக் கடனைக் கட்டிடலாம்னுதானே எல்லாரும் காசு கொடுக்கறாங்க? இருபதுதான் ஒழுகுதுன்னு எழுதிட்டா, மிச்சம் எங்கே ஒழுகுதுன்னு எவன் தேடுவான்? எங்க ஒழுகலையோ அங்க தோண்டிப் போடுவாங்க. அப்புறம் வட்டி கட்ட முடியாம கட்டணத்தை ஏத்துவாங்க. யாரு கட்டறது? நாமதானே?"

"இப்போ மட்டும் ஏத்த மாட்டாங்களா?"

ஏற்றுவார்கள் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அவர் தேய்ப்பு மேசைக்குப் போய், தேய்க்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு தலையணை உறையை நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது உப்பு எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

மறுநாள் அவள் தாளைக் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அண்ணன் இரண்டு தடவை போன் பண்ணினார். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை என்று இரண்டாவது தடவை வைத்துவிட்டாள். தாள் மேசை இழுப்பறையில் பதிவேடுகளுக்கு மேலே கிடந்தது. பேனாவும் பக்கத்திலேயே கிடந்தது. ஒரு தடவை எடுத்துக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா முனையை வைத்துக்கூடப் பார்த்தாள். ஒரு புள்ளி விழுந்தது. எடுத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள் மார்க்குப் போட வந்தவர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கனத்த உடம்பு, ஒரு முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். அண்ணனும் இஞ்சினியரும் இரண்டு பக்கமும் வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அந்த அம்மா முதலில் கேட்டது உட்கார நாற்காலி. மோட்டாரம்மா தன்னுடையதைத் துடைத்துப் போட்டாள்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?" சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"பதினொண்ணு."

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?"

இஞ்சினியர் மூன்றாவது மோட்டாரின் பெயர்ப் பலகையைப் படிக்கப் போனார். அண்ணன் கூரையைப் பார்த்தார். சின்ன வயதில் அவள் கணக்கில் தோற்று வந்தபோதெல்லாம், அப்பாவுக்கு முன்னால் இதே மாதிரிதான் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதினாலரை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பதினோரு வருடமாக மணிக்கொரு தரம் எழுதிப் பழகிய நாக்கு அது.

"இருபது மணி நேரம்" என்றாள்.

"எவ்வளவு ஏறும்?"

"தொண்ணூறு லட்சம் லிட்டர். கொஞ்சம் முன்னப் பின்ன."

சொன்ன பிறகு பயம் வந்தது. இழுப்பறையைத் திறந்து, மேலே கிடந்த தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு புரட்ட ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் புரட்டினார். நடுவில் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றார். அவளுக்கும் ஒன்று நீட்டினார்.

"இந்த மூணு நாள் ஏன் திடீர்னு கூடியிருக்கு?"

"கடைவீதி முக்குல மெயின் பைப் வெடிச்சுது. கண்டுபிடிக்க மூணு நாளாச்சு."

"இது?"

"பழைய குடியிருப்புக்குப் போற வால்வை ரெண்டு நாள் மூடி வச்சோம். பாருங்க, நாளைக்கு இருபத்தெட்டு லட்சம் குறைஞ்சிருக்கு. அங்க மொத்தமே எட்டு லட்சத்துக்குத்தான் வசூல். ஊர் ஒழுகல்ல பாதிக்கு மேல அங்கதான்."

அந்த அம்மா அதைத் தன் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். பாராட்டவில்லை, திட்டவுமில்லை. கிளம்பும்போது, "உங்க எழுத்து வாசிக்க சுகமா இருக்கு" என்று மட்டும் சொல்லி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மற்றவர்கள் வண்டி வரை போக, அண்ணன் ஒரு நிமிடம் பின்தங்கினார்.

"முடிச்சுட்டே பாப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"அண்ணே..."

"மூணு வருஷம்" என்றார். அப்புறம் வண்டியின் ஹாரன் கேட்டு நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகவே நடந்தது. மார்க்குக் குறைவாகத்தான் வந்தது. முப்பது கோடிக்கு நகராட்சிக்கு வக்கில்லை, பத்தொன்பது கோடிக்கு மேல் பத்திரம் போகாது என்றார்கள். எட்டரை என்று நினைத்த வட்டி ஒன்பதே காலுக்குப் போனது. முதலில் எல்லா வீட்டுக்கும் நல்ல மீட்டர் வைக்க வேண்டும், கட்டணத்தை ஏற்ற வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். இதற்கே எட்டு மாதம் ஓடியது. கமிஷனர் கூட்டத்தில் அண்ணனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துப் பேசியதாகக் கேள்விப்பட்டாள். அண்ணன் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். அண்ணி மட்டும் எப்போதாவது போன் பண்ணுவாள். "அவரு நல்லாத்தான் இருக்காரு, உன் பேரை எடுத்தா மட்டும் காது கேக்க மாட்டேங்குது" என்பாள்.

லாட்ஜ் கைவிட்டுப் போனது. லாண்டரிக்காரர் ஒரு இயந்திரத்தை வந்த விலைக்கு விற்றார். ஆட்கள் வந்து அதைக் கயிறு கட்டி இறக்கியபோது அவர் வெளியே வரவில்லை. அது நின்றிருந்த இடத்தில் தரையில் சதுரமாக ஒரு வெளுப்பு இருந்தது. "உன் தொண்ணூறு லட்சத்துல எனக்கு ஒரு லட்சம் வரல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

இருக்கிற பணத்தில் எங்கே முதலில் தோண்டுவது என்ற கேள்வி வந்தபோது, மார்க்குப் போட்ட கம்பெனியின் அறிக்கையை எடுத்து வைத்தார்கள். அதில் பழைய குடியிருப்பு என்று இருந்தது. அடிக்கோடும் இருந்தது. மேட்டுத் தெரு இரண்டாம் கட்டத்துக்குப் போனது. இரண்டாம் கட்டம் எப்போது என்று தேதி எதுவும் போடவில்லை.

பழைய குடியிருப்பில் தோண்டி எடுத்த இரும்புக் குழாய்களைச் சாலையோரம் போட்டிருந்தார்கள். கையால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கியது. புதுக் குழாயை இணைத்த இரண்டாவது வாரம், ஒரு நாள் பதினொன்றரை மணிக்குத் தொட்டியிலிருந்து போன் வந்தது. வழிகிறது, மோட்டாரை நிறுத்து என்றார்கள். அவள் நம்பவில்லை, மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டாள். தன் முறையில் பகலில் மோட்டாரை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. கூடத்தில் சத்தம் அடங்கியதும் கூரையில் புறா நடப்பது கேட்டது. இத்தனை வருடமாக அங்கே புறா இருப்பதே அவளுக்குத் தெரியாது.

இருபது மணி நேரம் பதினாறாகக் குறைந்தது. பதினாறு மணி நேரத்துக்கு நான்கு பேர் எதற்கு என்று யாரோ கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். மூன்று பேர் போதும் என்று முடிவாகி, அவளை மீட்டர் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். உத்தரவில் அண்ணனின் கையெழுத்து இருந்தது. தாளின் ஓரத்தில், அலுவலக முத்திரைக்கு வெளியே, பென்சிலால், 'வெயில்ல தொப்பி போட்டுக்கோ' என்று எழுதியிருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. ஆனால் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

புதுக் கட்டணத்தின் முதல் பில்லை அவள் மேட்டுத் தெருவில்தான் கொடுக்க வேண்டியிருந்தது. கீழே ஒழுகுவது குறைந்ததால் இப்போது மேட்டுக்கும் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் ஏறுகிறது. லாண்டரிக்காரர் லாரியை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்திருந்தார். ஆனால் பில் பழையதைப்போல ஒன்றரை மடங்கு. இரண்டாவது வீட்டிலேயே தகராறு ஆரம்பித்துவிட்டது. நாலாவது வீட்டுத் தையற்காரி பில்லை வாங்கவே மறுத்தாள். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"ஒன்றரை மணி நேரத் தண்ணிக்கு இவ்வளவா?"

"பத்திரம் வாங்கினவங்களுக்கு வட்டி போகணும்ல. அதுக்குத் தனிக் கணக்கு" என்றாள்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"பதினஞ்சு."

"அடேயப்பா! எவனோ பத்திரம் வாங்குவான், நாங்க அழணுமா?"

"பைப்பு நமக்குத்தானே?"

"எங்க இருக்கு பைப்பு? பழைய குடியிருப்புல இருக்கு!"

அதுவும் உண்மைதான். தொப்பிக்குள் வியர்த்தது. தையற்காரி ஒரு படி இறங்கி வந்தாள். "சரி, அதெல்லாம் இருக்கட்டும். உங்க வீட்டுக்கு எவ்வளவு போட்டே? அதைச் சொல்லு முதல்ல."

அவள் பதில் சொல்வதற்குள் லாண்டரியின் கதவு திறந்தது. அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். இவ்வளவு நேரமும் உள்ளே நின்று கேட்டிருக்க வேண்டும். கையில் காலையில் அவள் கொடுத்த பில் இருந்தது. தெரு நடுவில் நின்று, கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தெரிகிற மாதிரி அதைத் தூக்கிப் பிடித்தார்.

"நாலாயிரத்து இருநூத்தி எம்பது" என்று உரக்கப் படித்தார். "கடை ரேட்டு. உங்களுக்கு ஒன்றரை மடங்கு, எனக்கு ரெண்டு மடங்கு. போட்டது எம் பொண்டாட்டி."

தையற்காரி பில்லை எட்டிப் பார்த்தாள். தொகையைத் தனக்குள் ஒரு தடவை முணுமுணுத்துக்கொண்டாள்.

"கட்டாட்டி?" என்று கேட்டாள், குரலை இறக்கி.

லாண்டரிக்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"குழாயை வெட்டிடுவேன்" என்றாள் அவள்.

"கேட்டுக்கிட்டீங்கல்ல, வெட்டிடுவா" என்று சொல்லிவிட்டு, அவர் பில்லை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். இருக்கிற ஒற்றை இயந்திரம் சுற்ற ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. தையற்காரி கையை நீட்டினாள். அவள் பில்லைக் கொடுத்துவிட்டு ஐந்தாவது வீட்டு மீட்டரைக் குனிந்து படிக்கத் தொடங்கினாள்.